அண்ணாச்சி பதில்கள்: லாக்டவுன்ல ஊர்ல இருந்தவன் குடுத்து வச்சவனா?

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகர், "கொரோனா லாக்டவுன்ல மெட்ராஸ்ல கெடந்து சீரழிஞ்சோம், ஊர்ல இருந்தவங்கல்லாம் ராஜா மாதிரி இருந்தாங்க, இனிமே என்னன்னாலும் ஊர்தான்"னு நாலு வரி எழுதியிருந்தாரு, அத அப்படியே போட்டுட்டேன், பதில்கூட சொல்லல. அதுக்கு வந்து குவிஞ்ச கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இருக்கே, பாதி பேரு ஆமா ஆமாங்காங்க, பாதி பேரு அந்த மனுசன அடிக்கவே வாராங்க. அதனால இந்தத் தடவ சினிமா, எலக்சன், அல்வா எந்தக் கடையில நல்லாருக்கும்ங்கற கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சாச்சு, இது ஒண்ணுதான். எழுதுனவங்க பேர எடுத்துட்டேன், ஊர மட்டும் விட்டு வச்சிருக்கேன். நம்ம நெல்லப் பக்கத்துல ஊரச் சொன்னாலே யாரு எவருன்னு மோப்பம் புடிச்சிருவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு சொந்த ஊரு கல்லிடைக்குறிச்சி பக்கம். சோழிங்கநல்லூர்ல ஐடி வேல. 2020 மார்ச்ல லாக்டவுன் போடுததுக்கு முந்தின வாரம் ஊருக்கு வந்தவன் ரெண்டு வருஷம் இங்கயே இருந்து வேல பாத்தேன், பெறவு ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்கன்னு மெட்ராஸ் போயிட்டேன். யோசிச்சுப் பாத்தா நான் நிம்மதியா இருந்ததே அந்த ரெண்டு வருஷந்தான். வேலைய விட்டுட்டு ஊரோட வந்திரலாமான்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டுல வேண்டாங்காங்க. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்கேன், அந்த ரெண்டு வருஷமும் மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்துச்சா? விழுந்திருக்கும். மெட்ராஸ் வாடகை மிச்சம், பெட்ரோல் மிச்சம், ஸ்விக்கி மிச்சம், அம்மா கையால சாப்பாடு, காலேல ஆத்துல குளியல், சாயங்காலம் வாய்க்கா பாலத்துல உக்காந்து கத. மெட்ராஸ் சம்பளத்த வாங்கி கல்லிடைக்குறிச்சி செலவுல இருந்திருக்கீங்க, அப்படி ஒரு ஏற்பாடு யாருக்கு அமைஞ்சாலும் நிம்மதியாத்தான் இருக்கும், அதுல ஊருக்கு எவ்வளவு பங்கு, சம்பளத்துக்கு எவ்வளவு பங்குன்னு தனியா பிரிச்சுப் பாத்தீங்களான்னுதான் கேக்கேன். வேலைய விட்டுட்டு வந்தா அதே ஆறு, அதே பாலம், ஆனா ஒண்ணாந்தேதி போன்ல மெசேஜ் வராது.

இன்னொரு சங்கதி, இத யாரும் சொல்லமாட்டேங்காங்க. அந்த வருஷம் ஊரு அப்படி இருந்ததுக்கு காரணமே ஆளுங்கதான். பெங்களூரு, திருப்பூரு, மெட்ராஸு, துபாய்னு போனவன் பூரா வந்து எறங்கிட்டான். தெருவுல கிரிக்கெட் வெளாட ரெண்டு டீமுக்கு ஆள் இருந்துச்சு, பரண்ல கெடந்த கேரம் போர்டு வீட்டு முன்பக்கத்து தார்சாவுக்கு வந்துட்டு, பத்து வருஷமா பேசாத சித்தப்பா பெரியப்பா மக்க எல்லாம் மொட்டமாடித் தட்டட்டியில ஒண்ணா படுத்துக் கெடந்தாங்க. நீங்க ஆசப்படுதது அந்த நெறஞ்ச ஊருக்கு. இப்ப ஒரு புதன்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து அதே தெருவுல நில்லுங்க, பாதி வீடு பூட்டிக் கெடக்கும், மீதி வீட்டுல ஆச்சிமாரு டிவி சீரியல் பாத்துக்கிட்டு இருப்பாங்க, உங்கள பாத்தா "எப்ப வந்த, எப்ப போற?" ரெண்டு கேள்விதான், மூணாவதா பேச ஆள் கெடையாது. அதுலயும் அந்த வருஷம் ஊருன்னு நாம சொல்லுத பாதி விஷயம் நடக்கவே இல்ல, அதயும் மறந்துட்டோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரு 2020லயும் ஓடல, 2021லயும் ஓடல. குத்தாலத்துல சாரல் போட்டு அடிக்கி, அருவில தண்ணி பொத்துக்கிட்டு கொட்டுது, குளிக்க விடமாட்டாங்க. கோயில் கொடத் திருவிழா இல்ல, கல்யாணத்துக்கு அம்பது பேரு, எழவுக்கு இருவது பேரு. அப்படியும் உங்களுக்கு நல்லா இருந்துச்சுன்னா அது கூட இருந்தவங்களால.

ஊர்ல இருந்துக்கிட்டே செய்யுத வேல தேடுங்க, அது வேற. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஸோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் லாக்டவுனுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே வந்துட்டு, கொரோனா வந்துதான் ஊர்ல இருந்து வேல பாக்கலாம்னு கண்டுபுடிச்சாங்கன்னு கெடையாது. அந்த மாதிரி ஒண்ணு கையில கெடச்ச பெறவு ராஜினாமா கடுதாசி எழுதுங்க. அதுக்கு முன்னாடி லீவு போட்டு ஒரு மாசம் வாங்க, பொங்கலுக்கு வேண்டாம், ஐப்பசி மழையில வாங்க, கரண்டு போயி நெட்டு போயி, மீட்டிங்குக்கு கொடையப் புடிச்சுக்கிட்டு தட்டட்டியில நிக்கணும், அதயும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வீட்டுல வேண்டாங்காங்கன்னு எழுதிருக்கீங்க, ஏன்னு கேட்டீங்களா? கேட்டிருக்கமாட்டீங்க. அடுத்த கடுதாசியப் படிங்க.

கேள்வி: அண்ணாச்சி, நான் வேளச்சேரியில இருக்கேன், புருஷன் ஊரு நாங்குநேரி பக்கம். லாக்டவுன்ல அஞ்சு மாசம் மாமியார் வீட்டுல இருந்தோம். கொழுந்தன் குடும்பம், நாத்தனார் குடும்பம்னு பதினோரு பேரு. மூணு வேள சமையல், நடுவுல நாலு தடவ காப்பி. நான் ஆன்லைன்ல டியூஷன் எடுக்கேன், போன முன்னாடி வச்சுக்கிட்டு உக்காந்தா "எப்பப் பாத்தாலும் போனு"ம்பாங்க. மெட்ராஸ்ல எங்க வீடு ஒத்த பெட்ரூம்தான், ஆனா கதவ சாத்துனா அது என் வீடு. எல்லாரும் ஊர சொர்க்கம்ங்காங்க, எனக்கு ஜெயிலு மாதிரி இருந்துச்சு. நான் நெனைக்கது தப்பா?

பதில்: தப்பே இல்ல தாயி. எனக்கு வந்த கடுதாசில "ஊரு சொர்க்கம்"னு எழுதுனவங்க அம்புட்டு பேரும் ஆம்பளைங்கதான், நீங்க எழுதுன பெறவுதான் திரும்ப எடுத்துப் பாத்தேன். தார்சாவுல உக்காந்து சீட்டு வெளாடுனவனுக்கு அடுக்களைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எப்படித் தெரியும். பதினோரு பேருக்கு இட்லி மாவு ஆட்டணும், சாயங்காலம் பருப்பு வட வேணும்பான், ராத்திரி சப்பாத்தி வேணும்பான், யூடியூப பாத்துட்டு ஒருத்தன் பரோட்டா போடுதேன்னு வந்து அடுக்களைய நாசம் பண்ணிட்டுப் போவான், அதயும் நீங்கதான் கழுவணும். மத்த வருஷம்னா லீவுக்கு வந்தா நாலு நாள்ல கெளம்பிரலாம், டிக்கெட் புக் பண்ணியாச்சு அத்தன்னு ஒரு வார்த்த போதும். அந்த வருஷம் அது கெடையாது, ட்ரெயினும் இல்ல, பஸ்ஸும் இல்ல, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்கணும்னா கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரின்னு காரணம் காட்டணும். மாமியார் வீட்டுல இருந்து தப்பிக்கணும்னு காரணம் போட்டா பாஸ் குடுப்பானா?

ஆனா ஒண்ணு, சாத்துன கதவு எல்லாருக்கும் நல்லதா அமையல. வில்லிவாக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, அத இங்க போடமாட்டேன், புருஷனுக்கு வேல போயி வீட்டுக்குள்ளயே கெடந்து, அந்த ஒத்த ரூம்ல அவங்க பட்ட பாடு. ஊருன்னா சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பாப்பாங்க, பாத்துட்டு தெரு பூரா சொல்லவும் செய்வாங்க, அது வேற, ஆனா எட்டிப் பாப்பாங்க. அபார்ட்மெண்ட்ல எதுத்த வீட்டுக்காரன் டிவி சத்தத்த கூட்டி வச்சுருவான். அந்தத் தங்கச்சிக்கு தனியா பதில் எழுதியாச்சு, மத்தவங்க யாருக்காவது வேணும்னா பெண்கள் உதவிக்கு 181ன்னு நம்பர் இருக்கு, ராத்திரியும் எடுப்பாங்க.

உங்க கேள்விக்கு வாரேன். உங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயிரலாம்னு பேச்செடுத்தார்னா முடியாதுன்னு சண்ட போடாதீங்க, வரலாம், தனி வீடு, தனி அடுக்களை, அதே தெருவுல வேணும்னாலும் இருக்கட்டும்னு சொல்லுங்க. சொல்லிட்டு அவர் மொகத்தப் பாருங்க.

கேள்வி: எங்க ஊரு முக்கூடல். எங்க அம்மாவும் அக்காவும் பீடி சுத்துதாங்க. ஊர்ல இருந்தா சோத்துக்குப் பஞ்சமில்ல, கீர கெடக்கும், முருங்கக்கா கெடக்கும்னு சொல்லுதவங்க எங்க வீட்டுக்கு வந்து பாத்தாங்களா அண்ணாச்சி? கோவத்துலதான் எழுதுதேன்.

பதில்: கோவப்படுங்க, நியாயந்தான். ஊருன்னா வயலும் தோப்பும்னு நெனச்சிருக்காங்க. முக்கூடல், ஆலங்குளம், கடையம், இந்தப் பக்கம் மேலப்பாளையம், எத்தன ஆயிரம் வீட்டுல அடுப்பு எரியுதது பீடியில. அந்த இல நம்ம காட்டுலயா வெளையுது, ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசத்துக் காட்டுல இருந்து வரணும். லாரி நின்னுச்சு, கம்பெனி பூட்டுனான், கடையில இலயும் இல்ல, தூளும் இல்ல, சுத்துனத வாங்க ஆளும் இல்ல. ஆயிரம் சுத்துனா இவ்வளவுன்னு கூலி, ஒண்ணும் சுத்தலன்னா ஒண்ணும் கெடையாது. வேல வீட்டுலதான் நடக்கு, ஆனா அதுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்னு யாரும் பேரு வைக்கல.

வயலு வச்சிருந்தவன் மட்டும் என்ன வாழ்ந்தான். களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழத்தாரு மரத்துலயே பழுத்து அணில் திங்க விட்டாங்க, வெட்டுனா ஏத்துக்கூலிக்குக்கூட தேறாது, கேரளாவுக்குப் போற லாரியும் இல்ல, கல்யாணமும் இல்ல, கோயிலும் இல்ல, யாரு வாங்குவா. பனையேறுதவங்களுக்கு வருஷத்துல சம்பாத்தியமே பங்குனியில இருந்து ஆடி வர நாலு மாசந்தான், லாக்டவுன் கரெக்டா அதுல வந்து விழுந்துச்சு. பதனி மத்தியானம் தாண்டுனா புளிச்சிரும், ரோட்டுல வச்சு விக்க போலீஸ் விடமாட்டான், கருப்பட்டி காய்ச்சலாம்னாலும் வெறகு, சுண்ணாம்பு, வாங்க வியாபாரி, ஒவ்வொண்ணுக்கும் அலைச்சல். கூலிக்கு வயலுக்குப் போறவங்களுக்கு பிசான நெல்லு அறுப்பு அப்பத்தான் முடிஞ்சிருக்கு, அடுத்து கார் நெல்லு நடவுக்கு பாபநாசம் டேம் தெறந்தாத்தான் வேல.

முருங்கக்கா கத வேற சொல்லுதாங்க. முருங்க மரம் நிக்க கொல்ல வேணும்லா, மூணு சென்ட் காலனி வீட்டுல எங்க நிக்கும்?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிடணும் தம்பி, ரேஷன் கார்டும் ஆளும் ஒரே ஊர்ல இருந்தது உங்களுக்கு ஒரு பலம். 2020 ஏப்ரல்ல கார்டுக்கு ஆயிரம் ரூவா, விலையில்லாம அரிசி, பருப்பு, எண்ணெ, சீனி, வரிசையில நின்னாலும் கெடச்சிட்டு. நூறு நாள் வேலையும் ஏப்ரல் கடைசியில இருந்து பைய பைய ஆரம்பிச்சிட்டு, நம்ம மாநிலத்துக்கு அந்த வருஷம் கூலி 256 ரூவா. மெட்ராஸ்ல கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போயிருந்த நம்ம பயலுவளுக்கு கார்டு முக்கூடல்ல, வயிறு மெட்ராஸ்ல. எந்த ஊரு கார்டுக்கும் எந்தக் கடையிலயும் வாங்கலாம்னு நம்ம மாநிலத்துல வந்தது 2020 அக்டோபர்ல, அதுக்குள்ள பட்டினி கெடக்க வேண்டிய மாசமெல்லாம் முடிஞ்சிட்டு. அம்மா உணவகம் மட்டும் இல்லன்னா பல பேரு நடந்தே கெளம்பியிருப்பான்.

கடுதாசிக் கடைசியில உங்க அக்கா வாங்குன குழு லோனு பத்தி எழுதியிருந்தீங்க. தவணைக்கு அவகாசம்னு ரிசர்வ் பேங்க் மார்ச்ல சொல்லி ஆகஸ்ட் கடைசி வர நீட்டுனது உண்ம, ஆனா அவகாசம்னா தள்ளுபடி கெடையாது, வட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. இது தெரியாம ஏமாந்தவங்க ஏராளம். இப்பவும் கணக்குல சந்தேகம் இருந்தா ஸ்டேட்மெண்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, வாயால சொல்லுதத நம்பாதீங்க.

கேள்வி: கிராமத்துக் காத்து, கம்பு, கேப்ப, நல்ல தண்ணி, அதனாலதான் ஊர்ல கொரோனா வரல, சிட்டிக்காரனுக்குத்தான் வந்துச்சுன்னு எங்க டீக்கடையில அடிச்சுப் பேசுதாங்க. உண்மயா? (சுரண்டை)

பதில்: இல்ல. 2020 அக்டோபர், நவம்பர்ல தமிழ்நாடு பூரா ரத்தம் எடுத்து, யாருக்கெல்லாம் வந்துட்டுப் போயிருக்குன்னு பாத்தாங்க. நகரத்துல நூத்துக்கு 36.9, கிராமத்துல 26.9. கம்மிதான், ஆனா வரலன்னு சொல்லுத அளவுக்கா கம்மி, நாலுல ஒருத்தருக்கு மேல வந்திருக்கு. பாதி பேரு காச்சல்னு கசாயம் குடிச்சுட்டு பேசாம இருந்துட்டாங்க, டெஸ்டே எடுக்கல. சிட்டியில கூடுனதுக்கு காரணம் நெருக்கம், 2011 கணக்குப்படி மெட்ராஸ்ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேரு, பிரிக்காத பழைய நெல்ல மாவட்டத்துல 460. கோயம்பேடு மார்க்கெட்ல ஒரு தடவ பரவுனது எத்தன மாவட்டத்துக்குப் போச்சு, 2020 மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே பூட்டுனாங்கல்லா.

கம்பு கேப்பய நம்பி இருந்தவங்களுக்கு 2021 மே மாசம் பதில் சொல்லிட்டு. டெல்டாங்கற உருமாறுன கொரோனா வந்தப்போ அது கிராமம், டவுன்னு பாக்கல. பாளையங்கோட்ட ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையப் பாத்தவன் இப்படிப் பேசமாட்டான். நம்ம மகேந்திரகிரி இஸ்ரோவுல ராக்கெட் இன்ஜினுக்குன்னு தயார் பண்ணுத திரவ ஆக்சிஜன ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, அந்த அளவுக்கு நெலம. சுரண்டையில இருந்து ஆக்சிஜன் பெட் தேடி எவ்வளவு தூரம் போகணும்னு டீக்கடையில கேட்டுப் பாருங்க.

கேள்வி: நாங்க மூணு தலமொறையா பம்பாய் தாராவி. பூர்வீகம் நெல்ல பக்கம் ஒரு கிராமம், பேரு போடாதீங்க. 2020 மே மாசம் உயிர் பொழச்சா போதும்னு வண்டி புடிச்சு வந்தோம். ஊர் எல்லையில உடமரத்து முள்ள வெட்டிப் போட்டு மறிச்சுட்டாங்க. அதுல நின்னவன் பாதிப்பேரு எங்க சொந்தக்காரன். பெறவு அதிகாரிங்க வந்து ஸ்கூல்ல தங்க வச்சாங்க. அன்னைலருந்து ஊருக்குப் போகல. இப்ப கோயில் கொடைக்கு வரச் சொல்லி போன் மேல போன் போடுதாங்க. போகலாமா?

பதில்: இத ரெண்டு மூணு தடவ படிச்சேன். தாராவில பத்துக்குப் பத்து ரூமு, எட்டுப் பேரு, கக்கூஸுக்கு வெளிய வரிசையில நிக்கணும், அங்க மொத கேஸ் வந்தது 2020 ஏப்ரல் 1. வெலகி இருங்கன்னு டிவில சொல்லுதான், எங்க வெலக? சுவத்துக்குள்ளயா? வந்ததுல தப்பே கெடையாது. ஒரு காலத்துல இங்க பஞ்சம் பொழைக்க வழியில்லாம நம்ம ஆளுங்க அங்க தோல் வேலைக்குப் போயிதான் அந்த தாராவியே பாதி உருவாச்சு, போன வழியா திரும்பி வாரதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்.

ஊர்க்காரங்க பக்கம் பேசுததுக்கு எனக்கு மனசு வரல, ஆனா அந்த முள்ளு எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லுதேன். தெனமும் சாயங்காலம் டிவில கணக்கு வாசிக்கும்போது வெளி மாநிலத்துல இருந்து வந்தவங்க இத்தன பேருன்னு தனியா வாசிச்சாங்க. மே மாசம் நம்ம மாவட்டத்துல கூடுனதெல்லாம் மகாராஷ்டிரால இருந்து வந்தவங்களாலன்னு பேப்பர்லயும் வந்துச்சு. கங்கைகொண்டான் செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்ததெல்லாம் மொறையான ஏற்பாடு, அதுல யாருக்கும் வருத்தமில்ல. அதுக்கு அப்புறம் ஒரு டெஸ்ட்ட இவங்களா வச்சுக்கிட்டாங்க பாருங்க, அதுதான் கொடும. வைரசுக்குப் பயந்து வச்ச முள்ளுன்னு சொல்லுவாங்க, ஆனா அதே வாரம் துபாய்ல இருந்து வந்த ஒருத்தரு கார்ல உள்ள போயிருப்பாரு, அவருக்கு முள்ள நகத்தியிருப்பாங்க. யாருக்கு நகத்துனாங்க, யாருக்கு நகத்தலங்கறதுல பணம் இருக்கு, எந்தத் தெரு ஆளுங்கறதும் இருக்கு, நம்ம ஊர்ல பொறந்து வளந்தவங்களுக்கு இதுக்கு மேல நான் வெளக்க வேண்டாம். பம்பாய்ல பக்கத்து ரூம்காரன் யாரு என்னன்னு கேக்காம ஒரே கொழாயில தண்ணி புடிச்சிருப்பீங்க.

கொட வரின்னு வரும்போது மட்டும் "நம்ம பம்பாய் ஆளு" ஆயிருவோம். போகலாமான்னு கேட்டீங்க, அம்மன பாக்கணும்னு உங்களுக்கு இருந்தா போங்க, அது உங்க அம்மன், முள்ளப் போட்டவனுக்கு மட்டும் சொந்தமில்ல. வரி கேட்டு வருவாங்க. குடுக்கதா இருந்தா குடுங்க, ஆனா நாலு பேரு இருக்கும்போது அந்த மே மாசத்தப் பத்தி வாயத் தெறந்து கேட்டுட்டுக் குடுங்க, மனசுல வச்சுக்கிட்டு வராதீங்க. போனதோட அப்படியே உங்க தாத்தா பேர்ல இருக்க எடத்தோட பட்டாவையும் ஒரு தடவ எடுத்துப் பாத்துருங்க, ஆள் இல்லாத எடத்துக்கு வேலி நகரும்.

கேள்வி: சிட்டிய இவ்வளவு திட்டுதாங்களே, லாக்டவுன்ல சிட்டி செஞ்ச ஒரு நல்லத சொல்லுங்க பாப்போம். (கே.கே. நகர், சென்னை)

பதில்: தெருமுக்கு அண்ணாச்சி கட. மால், சூப்பர் மார்க்கெட் வாசல்லயெல்லாம் மைல் நீளத்துக்கு வரிசை நின்னப்போ, காலேல ஆறுல இருந்து மத்தியானம் ஒண்ணு வரைக்கும்தான் கட தெறக்கணும்னு ஆர்டர் இருந்தப்போ, ஷட்டர பாதி எறக்கி வச்சு "என்ன வேணும், சீட்டெழுதிக் குடுத்துட்டுப் போங்க"ன்னு சாமான் குடுத்து, துட்ட பெறவு தாங்கன்னு நோட்டுல எழுதுனவங்க அவங்க. அதுல முக்காவாசிப் பேரு நம்ம பக்கத்து ஆளுங்க, நெல்ல, தூத்துக்குடி. அதனால சிட்டி செஞ்ச நல்லதுன்னு கேட்டீங்கன்னா பாதி நல்லது ஊரு செஞ்சதுதான்னு சொல்லி பெரும அடிச்சுக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க.

கேள்வி: நான் ரிட்டயர்டு வாத்தியார், பாளையங்கோட்டையில நானும் சம்சாரமும் மட்டும் இருக்கோம். ரெண்டு பேருக்கும் சுகர், பிரஷர். மகன் பெருங்குடியில மூணாவது மாடி ஃப்ளாட்ல இருக்கான், இங்க வந்திருங்கங்கான். தம்பி கிராமத்துல இருக்கான், பூர்வீக வீடு இருக்கு, அங்க வந்திருங்கங்கான். மறுபடியும் அந்த மாதிரி ஒண்ணு வந்தா நாங்க எங்க இருக்கது நல்லது?

பதில்: சார்வாள், நீங்க இருக்க எடத்துல இருங்க. மத்தவங்களுக்கெல்லாம் சுத்தி வளச்சு சொன்னேன், உங்களுக்கு நேரா சொல்லுதேன். அந்த வருஷம் வயசானவங்களுக்கு பெரிய சங்கடமே ஒரு மாவட்டத்துல இருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக முடியாததுதான். அப்பா செத்துட்டாருன்னு இ-பாஸுக்கு அப்ளை பண்ணி, அது ரிஜக்ட் ஆயி, மறுபடி பண்ணி, மகன் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும், எத்தன வீட்டுல வீடியோ கால்ல கொள்ளி வச்சாங்க. மாநிலத்துக்குள்ள போறதுக்கு இ-பாஸ் வேண்டாம்னு ஆனதே 2020 செப்டம்பர் 1ல இருந்துதான், ட்ரெயினு அதுக்கும் ஒரு வாரம் கழிச்சு. அதனால நல்ல ஊரு எது, நல்ல சிட்டி எதுன்னு பாக்காதீங்க, பாஸ் இல்லாம நடந்து வந்து கதவத் தட்ட உங்களுக்கு ஆள் எங்க இருக்குன்னு பாருங்க. பாளையங்கோட்டையில முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கீங்க, நீங்க பிரம்பால அடிச்ச பய ஒருத்தன் ஹைகிரவுண்ட்ல டாக்டரா இருப்பான், ஒருத்தன் மெடிக்கல் ஷாப் வச்சிருப்பான், ஒருத்தன் ஸ்டேஷன்ல ஏட்டா இருப்பான். பெருங்குடியில உங்கள யாருக்குத் தெரியும், லிஃப்ட் நின்னுட்டுன்னா மூணு மாடி ஏற முடியுமா, மகனும் மருமகளும் ஆளுக்கொரு லேப்டாப்ல இருப்பாங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல.

கிராமத்து வீடு நல்ல வீடுதான், முற்றம், கெணறு எல்லாம் இருக்கும், ஆனா ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்ச அடைச்சா 108 வந்து சேர எவ்வளவு நேரமாகும்னு தம்பிகிட்ட கேளுங்க. சித்திர வைகாசியில ஒரு மாசம் போயி இருந்துட்டு வாங்க, நுங்கு சாப்பிடுங்க, சுகருக்கு நுங்கு ஒண்ணும் செய்யாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, அத நம்பாம டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிடுங்க.

ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்துலயும் பாளையங்கோட்ட விலாசம் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. மாத்தர ஒரு மாசத்துக்கு கூடுதலா எப்பவும் இருக்கட்டும், 2020 ஏப்ரல்ல சுகர் மாத்தரைக்கு டவுன் வர அலைஞ்சவங்க உண்டு. வாசல் சாவி ஒண்ணு எதுத்த வீட்டுல குடுத்து வைங்க, அவங்க நம்பர மகன் போன்ல போட்டு விடுங்க. மகன் வருத்தப்படுவான், படட்டும், மாசத்துக்கு ஒரு தடவ நெல்ல எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்து பாக்கச் சொல்லுங்க.

எடம் முடிஞ்சிட்டு. மிச்ச கடுதாசியெல்லாம் அடுத்த இதழ்ல. 2020ல டாஸ்மாக் மறுபடி தெறந்தப்போ ஊர்ல வரிசை பெருசா, சிட்டியில வரிசை பெருசான்னு ஒம்பது பேரு கேட்டிருக்கீங்க, அதுல நின்னவங்கதான் சொல்லணும், எழுதுங்க, போடுதேன்.